புத்தூரில் நின்ற பச்சைப் புள்ளி

சமீபத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். என் மனைவியின் தங்கை பெண்ணுக்கு. சாப்பாடு பிரமாதம். நியாயமாகப் பார்த்தால் இந்த வாரம் அங்கே போட்ட அக்காரவடிசிலைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டுக்கும் தாம்பூலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது. அதன் வால் மட்டும் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருபவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தொழிலையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. திருச்சி பெரிய ஊர், தாங்கும்.

பெண்ணின் அப்பா சம்பத். எங்கள் இருவருடைய மனைவிகளும் அக்கா தங்கை. வயதில் என்னைவிடச் சின்னவர் என்பதால் என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அரியமங்கலத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். மளிகைக் கடையிலும் கறிக்கடையிலும் பார்க்கிறோமே, எலெக்ட்ரானிக் எடை மெஷின்... அதை விற்பது, ரிப்பேர் செய்வது, வருடா வருடம் அரசாங்க முத்திரைக்குத் தயார் செய்து கொடுப்பது. இதுதான் தொழில். லால்குடி, துறையூர், மண்ணச்சநல்லூர் என்று கடை கடையாகப் போய்வர டெக்னீஷியன்கள் உண்டு.

சம்பத் நல்ல மனிதர். இதை இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கதையில் ஒரு வில்லன் கிடைத்தால் நமக்கெல்லாம் சௌகரியம். இதில் கிடைக்க மாட்டார்.

சாப்பிட்டு முடித்து ஃபேனுக்கு அடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். சம்பத் போனை எடுத்தார். புதிதாக ஒரு ஆப் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அதைத் திறந்தால் திருச்சி மேப் வருகிறது. மேப்பில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர்.

“எல்லாரும் நம்ம ஸ்டாஃப்தான் அண்ணா. யார் எங்கே இருக்கான்னு உக்காந்த இடத்துலேர்ந்து பாக்கலாம்” என்றார்.

அவருடைய கஷ்டமும் புரிகிற கஷ்டம்தான். கஸ்டமர் போன் செய்து, ஆள் வரவில்லை என்று கத்துவார். டெக்னீஷியனைக் கேட்டால், லால்குடி தாண்டிவிட்டேன் சார் என்பார். அவர் தாண்டினாரா, திருவெறும்பூரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். இப்போது சம்பத்துக்கும் தெரிகிறது. தொழில் செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி?

பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆபீஸிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், சில உறவுக்காரர்கள், நான். புள்ளிகளில் ஒன்று காந்தி மார்க்கெட் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. கிரிக்கெட் மேட்சைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, லீவு நாளில் ஏன் புள்ளி நகர்கிறது என்று கேட்டேன்.

அது அவரவர் சொந்த போனில் இருக்கிற ஆப், தானாக ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். போனில் போடும்போது, எந்நேரமும் இடத்தைக் காட்டவா, வேலை செய்யும்போது மட்டும் காட்டவா என்று அதுவே கேட்குமாம். எந்நேரமும் என்பதைத் தொடச் சொல்லிவிட்டாராம். அதுதான் சுலபமாம்.

ஒரு புள்ளி மட்டும் புத்தூரில் அசையாமல் நின்றது. வசந்தி என்று பெயர். சம்பத் இரண்டு விரலால் மேப்பைப் பெரிதாக்கினார். தெரு வந்தது. கட்டடம் வந்தது. கட்டடத்தின் மேல் ஆஸ்பத்திரியின் பெயரும் வந்தது.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த அவர் மனைவி ரமா, தோளுக்கு மேலிருந்து பார்த்தார். “இது குழந்தை இல்லாதவா போற ஆஸ்பத்திரின்னா?” என்றார். அடுத்த நொடி, “வசந்தியோட ஆம்படையான் கத்தார்லன்னா இருக்கான்?” என்றார்.

ஆபீஸிலிருந்து வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பத் போனைப் பைக்குள் வைத்தார். தாம்பூலப் பை வந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. அதே வசந்தியை நான் புத்தூரில் நேரில் பார்த்திருந்தால்? நான் பார்ப்பதை அவரும் பார்த்திருப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஒரு புன்னகையோடு, சொந்தக்காரரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். இங்கே ஒரு மண்டபத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் கூடிப் பார்த்தோம். பார்க்கப்படுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

தோன்றியதோடு சரி. வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்.

அடுத்து நடந்ததெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரியவந்தது.

வசந்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டூரில் மாமியாரோடு இருக்கிறார். கணவர் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். வசந்தி டிப்ளமோ படித்தவர். சம்பத்திடம் சேர்ந்தபோது, பெண்பிள்ளை ஸ்கூட்டரில் துறையூர்வரை போவாளா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. இப்போது பல கடைக்காரர்கள் அந்தம்மாவையே அனுப்புங்க என்று கேட்கிறார்களாம்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரம். சம்பத் மனதில் ஞாயிற்றுக்கிழமை விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. பாவம், என்ன கஷ்டமோ என்ற அக்கறைதான். வசந்தியைப் பார்த்ததும் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, நேத்து புத்தூர் ஆஸ்பத்திரியில ரொம்ப நேரம் இருந்தியே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? லீவு வேணும்னா எடுத்துக்கோ.”

அங்கே நான்கைந்து பேர் இருந்தார்கள். வசந்தி, ஒண்ணும் இல்ல சார் என்று மட்டும் சொல்லிவிட்டு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எந்த ஆஸ்பத்திரி என்று சம்பத் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சீமந்தத்துக்கு வந்திருந்த இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒர்க் ஷாப் முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்குக் காட்டூரில் வீடு. அவர் தன் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் யாரிடமோ... பிறகு யாரிடமோ... அந்த வாரம் முடிவதற்குள் வசந்தியின் மாமியார் காதுக்குப் போய்விட்டது.

மாமியார் அந்த ஞாயிற்றுக்கிழமை, மருமகள் ஆபீஸ் வேலையாகப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேலை இருக்கிறது என்றுதான் வசந்தியும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மாள் மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மகனுக்குப் போன் போட்டார்.

மகன் கத்தாரிலிருந்து மனைவிக்குப் போன் போட்டார். ஞாயித்துக்கிழமை எங்கே போயிருந்தே?

இந்தக் கேள்வியைக் கடல் தாண்டி இருக்கும் ஒரு கணவர் எந்தக் குரலில் கேட்டிருப்பார் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

மறுநாள் வசந்தி சம்பத்தின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கண்ணெதிரிலேயே போனிலிருந்து அந்த ஆப்பை அழித்தார். அழித்தவுடன் முதலாளிக்குத் தகவல் போகும் ஏற்பாடு அதில் உண்டு. சம்பத்தின் போன் டிங் என்றது. வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் சார், இதை மட்டும் இனிமேல் போட மாட்டேன் என்று சொன்னாராம் வசந்தி.

சம்பத் ஆடிப்போய்விட்டார். சமாதானமாகப் பேசிப் பார்த்தார். எதற்காகப் போனாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்மா, நானே எல்லோருக்கும் எடுத்துச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறேன் என்றார். வசந்தி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே என்று சம்பத்துக்குக் கவலை. ஆப் இல்லாவிட்டால் வெளிவேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் வசந்தி ஒர்க் ஷாப்பின் உள்ளே உட்கார்ந்து மெஷின்களைத் துடைத்துச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தார். வெளியே போனால் கிடைக்கிற பேட்டாவும் போயிற்று. உள்ளே உட்கார்ந்தால் என்ன ஆகும்? பேசுகிறவர்கள் நடுவிலேயே நாள் முழுக்க இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் சம்பத் எனக்குப் போன் செய்தார். முத்திரை போடும் சீசன் நெருங்குகிறது, நல்ல ஆள், இழக்க மனசில்லை, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாரையும் சமாதானம் செய்யத் தெரியும் என்று சொந்தக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை. என் வீட்டில் விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

காரில் கூட்டிக்கொண்டு போனார். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. சம்பத் வழி நெடுக வாதம் செய்துகொண்டே வந்தார். எங்கே பார்த்தாலும் கேமரா. பேங்குக்கு நம் எல்லாக் கதையும் தெரியும். மருந்துக் கடையில்கூட போன் நம்பர் கேட்கிறான். இதில் என் ஒரு ஆப்தானா கெடுதல்? தப்புப் பண்ணாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

இந்தக் கடைசிக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். ஆனால் ஜோசியரிடம் ஜாதகத்தைக் கொடுக்கும்போது எதிர்வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறோமா? ஜாதகம் பார்ப்பது என்ன குற்றமா?

இதைச் சொல்லாமல், மேப்பில் உன் புள்ளி தெரியுமா சம்பத் என்று மட்டும் கேட்டேன்.

“என்னோடது எதுக்கு அண்ணா? நான் எங்கே போறேன்னு அவாளுக்கு என்னத்துக்குத் தெரியணும்?” என்றார்.

தான் என்ன சொன்னோம் என்பதை அவர் கவனிக்கவில்லை. முன்னால் போன பஸ்ஸுக்கு ஹார்ன் அடித்தார்.

ஆனால் எல்லோரையும் கேட்டுத்தான் போட்டேன் அண்ணா, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார் கொஞ்சம் கழித்து. உண்மைதான். கேட்டிருக்கிறார். சம்பளம் கொடுக்கிறவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்வதற்கு எத்தனை பேருக்கு வாய் வரும்? நம் போனில் ஒவ்வொரு ஆப்பும் சம்மதமா என்று கேட்கிறதே, அங்கே மட்டும் நாம் படித்துப் பார்த்தா தொடுகிறோம்?

ஒர்க் ஷாப்பில் இரும்பு வாசனையும் சால்டரிங் புகையுமாக இருந்தது. வசந்தி ஒரு மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். சம்பத் எங்களை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு, வேலை இருப்பதுபோல் வெளியே போனார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஊர் வாய் பொல்லாதது, ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் உங்களுக்குத்தான் நிம்மதி என்று பெரியமனிதத்தனமாக ஆரம்பித்தேன். வசந்தி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

“சீமந்தத்துல நிறைய பேர் பார்த்தாங்களாமே சார். நீங்களும் இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

சரி என்பதுபோல் தலையசைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வெளியே யாரோ எடைக்கல்லை மெஷினில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவராகவே சொன்னார். “காரணம் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது சார். சொன்னா எல்லாரும், அட இவ்வளவுதானான்னு போயிடுவாங்க. ஆனா இன்னைக்குச் சொல்லிட்டேன்னா நாளைக்குச் சொல்லாம இருக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க நின்னேன், ஏன் நின்னேன்னு ஒப்பிச்சுக்கிட்டே இருக்கணும்.”

தயார் செய்துகொண்டு வந்திருந்த மற்ற அறிவுரைகளையும் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது ஜாபர் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே இருப்பதிலேயே சீனியர் டெக்னீஷியன் அவர். அவரும் அந்த ஆப்பைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒரு கடைக்காரர் இவர் வரவே இல்லை என்று சாதித்தபோது, இவர் போய்வந்ததை அந்தப் புள்ளிதான் நிரூபித்ததாம். “அது இருக்கட்டும் சார், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் வீட்டுக்குப் போனா அதுவும் அது வீட்டுக்குப் போயிடணும்” என்றார்.

இந்தப் பத்தியின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் எழுத முடியாது. ஆனால் எனக்கு ஒதுக்கியிருக்கும் பக்கம் பெரியது. தொடர்கிறேன்.

அந்த விஜயத்தால் பலன் ஒன்றும் இல்லை. வசந்தி உள்வேலையிலேயே இருந்தார். சம்பத் பிடித்த பிடியில் இருந்தார். தானே தவறு செய்துவிட்டோமோ என்ற சந்தேகம் வருகிறபோதுதான் மனிதர்கள் அதிகம் விறைப்பாகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நானும் மனைவியும் சம்பத் வீட்டுக்குப் போனோம். சீமந்தம் முடிந்து பெண் வைஷ்ணவி பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்தாள். கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். பேச்சு சுற்றிச் சுற்றி வசந்தியிடம் வந்தது. ரமா, அவள் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாள் என்றால் ஏதோ இருக்கத்தானே இருக்கிறது என்றார்.

வைஷ்ணவி போனைக் கீழே வைத்துவிட்டு, “எந்த ஆஸ்பத்திரிம்மா?” என்றாள்.

ரமா அவள் தலையணையைச் சரிசெய்தார். சம்பத் ஜன்னலைப் பார்த்தார்.

“அதே ஆஸ்பத்திரிதானே? ரெண்டு வருஷம் நான் போனேனே, அதே தானே?”

ரமா அவளைக் கண்ணால் அடக்கப் பார்த்தார். அவள் அடங்கவில்லை. குரலும் உயரவில்லை.

“கேட்டவாகிட்டல்லாம் பல் டாக்டர்கிட்ட போறோம்னு சொன்னேள். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்கூட இப்பதான் தெரியறது. அப்போ யாராவது ஒருத்தர் மண்டபத்துல உக்காந்துண்டு என் புள்ளியைப் பெரிசு பண்ணிப் பார்த்திருந்தா... அப்பா, நீங்க என்ன பண்ணியிருப்பேள்?”

எனக்கும் மனைவிக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்தப் பெண்ணுக்குப் பல்லில் ஏன் இவ்வளவு நாள் வைத்தியம் என்று கவலைப்பட்டு, தில்லைநகரில் எங்களுக்குத் தெரிந்த டாக்டரைச் சிபாரிசு செய்ததே நாங்கள்தான். ரமா அந்த டாக்டரின் விலாசத்தைக்கூட வாங்கிக்கொண்டார்.

சீமந்தத்தன்று மேப்பைப் பார்த்த அந்த நொடியிலேயே ரமாவுக்கு எப்படி அது என்ன ஆஸ்பத்திரி என்று தெரிந்தது? நான் யோசிக்கவே இல்லை. அந்த வாசலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எத்தனை முறை, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று தலையைக் குனிந்தபடி நுழைந்திருப்பார்? அந்தப் பயத்தை அனுபவித்தவர் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்தது. இதை ரமாவைக் குறைசொல்ல எழுதவில்லை. அடுத்தவருடைய ரகசியம் கண்ணில் படும்போது நம்முடையது மறந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

ரமா சமையலறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் கழித்துக் காபியோடு வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. சம்பத் காபியைக் குடிக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை, அதே நேரம், எல்லோரும் வேலையை வாங்கிக்கொண்டு கிளம்பும் சமயத்தில், சம்பத் வசந்தியைக் கூப்பிட்டார். தனியறைக்கு இல்லை, அதே இடத்துக்கு. அன்று இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

“அன்னைக்கு நான் கேட்டது தப்பும்மா. கேட்டது மட்டும் இல்ல, லீவு நாள்ல அதைத் திறந்து பார்த்ததே தப்பு. அதைப் பத்தி இனிமே இங்க யாரும் பேசக்கூடாது” என்றார்.

எதற்குப் போனாய் என்று கேட்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் ஜாபர் பாய். வசந்தி, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, எந்த ரூட் என்று கேட்டாராம். மண்ணச்சநல்லூர் என்றார் சம்பத். வசந்தி டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது ஒர்க் ஷாப்பில் ஆளுக்கு ஒரு ஆபீஸ் போன் வந்திருக்கிறது. சாதாரண போன்தான். ஆப் அதில் மட்டும். காலையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாலையில் திரும்பி வந்து அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ராத்திரி முழுக்க எல்லாப் புள்ளிகளும் அரியமங்கலத்தில் ஒரே அலமாரியில் குவிந்து கிடக்கின்றன. சம்பத் தன் சொந்த போனிலிருந்தும் அதை எடுத்துவிட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் பார்க்கிறார். முன்பைவிட வியாபாரம் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம். ஆனால் முழுக்கச் சுபம் இல்லை.

பழைய பதிவுகளை அழித்துவிடச் சொல்லி அந்த ஆப் கம்பெனிக்கு சம்பத் எழுதிப் போட்டார். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று ஒரு பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. திரும்ப எழுதினார். திரும்பவும் பதிவு செய்தார்கள். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைப் புள்ளி எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அது வசந்தியின் ஞாயிற்றுக்கிழமை. அழிக்கவோ வைத்திருக்கவோ அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உரிமை என்றதும் நமக்குக் கோர்ட்டும் போராட்டமும்தான் ஞாபகம் வருகின்றன. ஒரு மத்தியானத்தில் ஒரு பெண் யாருக்கும் சொல்லாமல் ஓர் இடத்துக்குப் போய்வருவதும் அதில்தான் சேர்த்தி. அதைப் பறிக்க எந்த அரசாங்கமும் தேவைப்படவில்லை. ஒரு நல்ல முதலாளியும், அக்கறையான ஒரு கேள்வியும், வேடிக்கை பார்க்க நாங்கள் சில பேரும் போதுமாக இருந்தோம்.

வீட்டில் வசந்திக்கு இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. கணவரிடம் பேசிவிட்டாராம். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. பேசிட்டோம் சார், அவர் புரிஞ்சுக்கிட்டார் என்று மட்டும் சொன்னார். மாமியார் தேவைக்கு மட்டும் பேசுகிறார். காட்டூரில் சில வீடுகளில் வசந்தியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்னமும் ஜன்னல் திறக்கிறது. கம்பெனிக்காவது எழுதிப் போடலாம். ஜன்னல்களுக்கு எங்கே எழுதிப் போடுவது?

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பேரிடம் அனுமதி கேட்டேன். வைஷ்ணவி, தாராளமா எழுதுங்கோ பெரியப்பா, பேரை மட்டும் மாத்திடுங்கோ என்றாள். வசந்திக்குப் போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்த இரண்டு வரி வேண்டாம் சார் என்றார். எடுத்துவிட்டேன். பத்திக்கு அவை நல்ல வரிகள்தான். ஆனால் அவை அவருடைய வரிகள்.

உங்களில் சிலர் நிச்சயம் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். எல்லாம் சரி சார், அந்தம்மா எதுக்குத்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாங்க?

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. அது என் பிரச்சினை.